எட்டரை மணிப் பசி: ஃபாஸ்ட் ஃபுட் பழக்கத்திலிருந்து வெளியே வர ஒரு முழு வழிகாட்டி

நம் ஊரில் ‘ஃபாஸ்ட் ஃபுட்’ என்று பலகை மாட்டியிருந்தால், பர்கர் கிடைக்கும் என்று நினைத்து யாரும் போவதில்லை. தள்ளுவண்டி, பெரிய இரும்புச் சட்டி, கீழே சீறுகிற அடுப்பு, ஃப்ரைடு ரைஸ், நூடுல்ஸ், சில்லி சிக்கன், கோபி மஞ்சூரியன். கோவைப் பக்கம் என்றால் காளான். அதில் காளானைவிட முட்டைக்கோஸ்தான் அதிகம் என்பது சாப்பிடுகிறவர்களுக்கும் தெரியும். இவற்றோடு பரோட்டா சால்னா, ஷவர்மா, பேக்கரி பஃப்ஸ், வீட்டு வாசலுக்கே வந்து இறங்கும் பிரியாணி எல்லாவற்றையும் சேர்த்துத்தான் இங்கே ஃபாஸ்ட் ஃபுட் என்கிறேன்.

இந்தப் பழக்கத்தை விட நினைப்பவர்கள் பெரும்பாலும் நாக்கோடு சண்டை போடுகிறார்கள், தோற்கிறார்கள், தங்களையே திட்டிக்கொள்கிறார்கள். காலை ஒன்பதுக்குக் கிளம்பி இரவு எட்டரைக்கு அறைக்குத் திரும்பும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டது. நடுவில் இரண்டு டீ, நாலு பிஸ்கட். வீட்டில் சமைத்தது எதுவும் இல்லை, காலையில் போட்ட பாத்திரம் சிங்கில் அப்படியே கிடக்கிறது. அந்த நேரத்தில் அவரிடம் போய் மன உறுதி பற்றிப் பேசுவது வீண். எட்டரை மணிக்கு அவர் என்ன சாப்பிடுவார் என்பது மாலை ஐந்தரைக்கே பாதி முடிவாகிவிடுகிறது. மீதிப் பாதி போன ஞாயிற்றுக்கிழமையே முடிவாகிவிட்டது. கீழே வரும் படிகள் பெரும்பாலும் அந்த இரண்டு நேரங்களைச் சுற்றியே இருக்கும்.

முதல் படி: ஒரு வாரம் எதையும் மாற்றாமல் எழுதி வையுங்கள்

கலோரிக் கணக்கு வேண்டாம். வெளியே சாப்பிட்ட ஒவ்வொரு முறையும் மூன்றே விஷயம்: மணி என்ன, அதற்கு முன் கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், பக்கத்தில் யார் இருந்தார்கள். போன் நோட்டில் ஒரு வரி போதும். எவ்வளவு செலவு என்பதையும் எழுதினால் நல்லது. யூபிஐ கணக்கை எடுத்துப் பார்த்தால் அதுவே சொல்லிவிடும்.

வாரக் கடைசியில் பார்த்தால் பெரும்பாலானவர்களுக்கு ஒரு முகம் தெரியும். சிலருக்கு அது இரவுப் பசி. சிலருக்கு மாலை நாலு மணி பேக்கரி. சிலருக்கு ஒரு குறிப்பிட்ட நண்பர். ராத்திரி பதினொன்றரைக்குப் படம் பார்த்துக்கொண்டே ஆர்டர் போடுகிறவர்களும் உண்டு, அங்கே பசி என்பதே கிடையாது. உங்களுடையது எது என்று தெரியாமல் அடுத்த படிக்குப் போனால், இல்லாத நோய்க்கு மருந்து சாப்பிட்ட மாதிரி ஆகிவிடும்.

ஏன் இவ்வளவு சாப்பிடுகிறோம்

அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் என்ற ஆய்வாளரின் குழு 2019-இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டது. 20 பேரை ஆய்வு மையத்திலேயே தங்க வைத்து, இரண்டு வாரம் ஆலையில் மிகையாகப் பதப்படுத்திய உணவையும், இரண்டு வாரம் அப்படிப் பதப்படுத்தாத உணவையும் கொடுத்தார்கள். தட்டில் வைத்த சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து, உப்பு எல்லாம் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு. வேண்டுமளவு சாப்பிடலாம் என்று விட்டுவிட்டார்கள். பதப்படுத்திய உணவு கொடுத்த நாட்களில் ஒவ்வொருவரும் சராசரியாக ஒரு நாளைக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், இரண்டு வாரத்தில் சுமார் 0.9 கிலோ எடை ஏறியது. இன்னொன்றில் அதே அளவு இறங்கியது. பதப்படுத்திய உணவை அவர்கள் வேகமாகவும் சாப்பிட்டார்கள்.

நம் தெருவோர பரோட்டா அந்த ஆலை உணவு வகையில் சேராது, அங்கேயே பிசைந்து வீசிப் போடுகிறார்கள். ஆனாலும் ஒரு பாடம் பொருந்தும். மெல்ல வேலையே இல்லாத, நார் இல்லாத, எண்ணெய் ஊறிய உணவு வயிறு ‘போதும்’ என்று சொல்வதற்கு முன்பே உள்ளே போய்விடுகிறது. சால்னாவில் ஊறிய மூன்று பரோட்டா எவ்வளவு சீக்கிரம் காலியாகிறது என்று பாருங்கள். அதே பசிக்கு மூன்று சப்பாத்தியும் கொண்டைக்கடலைக் குழம்பும் சாப்பிட அதைவிட அதிக நேரம் ஆகும்.

இடையில் ஒரு விஷயம். அஜினமோட்டோவைப் பிசாசாக்கிவிட்டு மற்றதையெல்லாம் மறந்துவிடுவது நம்மிடையே உள்ள வழக்கம். வண்டிக்கடைச் சாப்பாட்டில் அதைவிடக் கவலைப்பட வேண்டியவை உப்பு, எண்ணெய், அந்த எண்ணெயை எத்தனை முறை காய்ச்சியிருக்கிறார்கள் என்பது, அப்புறம் சாப்பிடும் அளவு. பொரித்த எண்ணெயில் சேரும் கழிவுப் பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி 2018 ஜூலை முதல் இருக்கிறது. தள்ளுவண்டியில் யார் அதை அளந்து பார்க்கிறார்கள்? சிவப்பு நிறமும் அப்படித்தான். கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் சேர்ப்பதை 2024 மார்ச்சில் கர்நாடக அரசு தடை செய்தது. ஷவர்மாவில் தடவும் பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை போட்டது. அதற்குக் காரணம் கிருமித் தொற்று பயம்.

இரண்டாம் படி: ஐந்தரை மணிக்கு எதையாவது சாப்பிடுங்கள்

எல்லாவற்றிலும் மலிவான, சீக்கிரம் பலன் தரும் படி இது. மதியம் ஒன்றுக்கும் இரவு ஒன்பதுக்கும் நடுவில் எட்டு மணி நேரம். அந்த இடைவெளியில் டீயும் பிஸ்கட்டும் பசியைக் கொஞ்ச நேரம் தள்ளிப்போடும், தீர்க்காது. கொஞ்சம் புரதமும் நாரும் உள்ள ஏதாவது ஒன்று மாலையில் வயிற்றுக்குள் போனால், எட்டரைக்கு நீங்கள் வேறு மனிதர்.

பையில் ஒரு சின்ன டப்பா போதும். வேகவைத்த வேர்க்கடலை, கறுப்புக் கொண்டைக்கடலைச் சுண்டல், பாசிப்பயறு, பொட்டுக்கடலை, இரண்டு அவித்த முட்டை. சுண்டலுக்கு இரவே ஊறப்போட்டுக் காலையில் குக்கரில் ஐந்தாறு விசில் விட்டால் வேலை முடிந்தது. தாளிக்க நேரம் இல்லையென்றால் உப்பும் எலுமிச்சையும் போதும். மாலை வரை ஆபீஸ் ஃப்ரிட்ஜில் வையுங்கள். அது இல்லாவிட்டால் வறுத்த கடலை வகைகளே பாதுகாப்பு. எதுவும் கொண்டுபோகவில்லையா, டீக்கடையில் பஜ்ஜிக்குப் பக்கத்திலேயே வாழைத்தார் தொங்கும். இரண்டு பழம், ஒரு பாக்கெட் கடலை.

டீயில் சர்க்கரையையும் இங்கேயே கவனியுங்கள். ஒரு நாளைக்கு நாலு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி என்றால் அதுவே 30 கிராமைத் தாண்டும். ‘சர்க்கரை கம்மி’ என்று மாஸ்டரிடம் சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

மூன்றாம் படி: கால் மணி நேரத்தில் சாப்பாடு ஆகும் வீடு

வண்டிக்கடை ஜெயிப்பது ருசியால் என்று நினைக்கிறோம். வேகத்தால்தான் அது பெரும்பாலும் ஜெயிக்கிறது. ஆர்டர் போட்டால் வந்து சேர அரை மணி, முக்கால் மணி ஆகிறது. அதற்குள் முடிகிற ஒன்று வீட்டில் இருந்தால் போட்டி சமம்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். பாட்டு போட்டுக்கொண்டு செய்யலாம். என்னென்ன?

மாவு. அரைக்க முடிந்தால் நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. முடியாதவர்கள் கடை மாவு வாங்குங்கள், அதில் குற்றம் ஒன்றும் இல்லை. நான்கு நாளைக்கு இரவுச் சாப்பாடு அதிலேயே இருக்கிறது. முதல் இரண்டு நாள் இட்லி, அப்புறம் தோசை, புளித்த பிறகு வெங்காயம் போட்டு ஊத்தப்பம் அல்லது குழிப்பணியாரம்.

வெங்காயத் தக்காளித் தொக்கு. அரைக் கிலோ வெங்காயம், அரைக் கிலோ தக்காளி, இஞ்சி பூண்டு, மிளகாய்த்தூள். நன்றாக வதக்கி ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்தால் நாலைந்து நாள் தாங்கும். முட்டையை அதில் உடைத்து ஊற்றினால் முட்டைத் தொக்கு, வேகவைத்த சுண்டல் போட்டால் குழம்பு, தண்ணீர் கொஞ்சம் கூட்டினால் தோசைக்குத் தொட்டுக்கொள்ள ஆகும். இந்த ஒரு டப்பா வாரத்தில் பாதி ஆர்டரைத் தடுக்கும் என்பது என் நம்பிக்கை.

காய். பீன்ஸ், கேரட், முட்டைக்கோஸை நறுக்கி ஈரம் இல்லாமல் டப்பாவில் வையுங்கள். களைத்து வந்தவரைச் சமையலறையிலிருந்து துரத்துவது அடுப்பு இல்லை, அரிவாள்மனையும் கத்தியும்தான். தேங்காய் துருவி உறைபெட்டியில் போடுங்கள். கீரையை மட்டும் வாங்கிய அன்றோ மறுநாளோ முடித்துவிடுங்கள். பக்கத்தில் உழவர் சந்தை இருந்தால் காலையிலேயே போங்கள், விலையும் குறைவு, காயும் புதிது.

புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும். இவை இரண்டும் அவசரகாலத்துக்கு.

இவ்வளவு இருந்தால் வார நாள் இரவு எப்படி ஓடும்? உதாரணத்துக்குக் கொங்கு நாட்டு அரிசிம்பருப்பு சாதம். ஒரு டம்ளர் அரிசி, கால் டம்ளருக்குக் கொஞ்சம் கூடுதலாகத் துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், நாலைந்து பல் பூண்டு, ஒரு தக்காளி, மிளகு சீரகம் தட்டிப்போட்டு, மஞ்சள்தூள், சுமார் மூன்றரை டம்ளர் தண்ணீர். குக்கரை மூடி மூன்று நாலு விசில். நீங்கள் குளித்துவிட்டு வருவதற்குள் சாதம் தயார். நறுக்கி வைத்த காயை இன்னொரு அடுப்பில் வதக்கினால் பொரியலும் ஆயிற்று. அன்றும் முடியவில்லை என்றால் ரவை உப்புமாவில் இரண்டு கைப்பிடி காய். அதுவும் முடியாத நாளில் தயிர்சாதமும் அவித்த முட்டையும். யாரும் உங்களுக்கு மதிப்பெண் போடப்போவதில்லை.

சமைத்த சோற்றை மணிக்கணக்கில் வெளியே வைக்காதீர்கள். ஆறியதும் ஃப்ரிட்ஜுக்குள் தள்ளி மறுநாளே முடியுங்கள்.

சமையலறையே இல்லாதவர்களுக்கு

திருவல்லிக்கேணி மேன்ஷனிலும் பிஜி விடுதியிலும் இருப்பவர்களுக்கு மேலே சொன்னதெல்லாம் எரிச்சலாக இருந்திருக்கும். உங்களுக்கு வழி வேறு: கடையை விடாமல், கடையில் கேட்பதை மாற்றுவது. இந்த விஷயத்தில் நம் ஊர் ஓட்டல்கள் பெரிய வசதி. வண்டிக்கடையில் ஃப்ரைடு ரைஸ் கொடுக்கும் அதே தெருவில் இட்லி, இடியாப்பம், ராகி தோசை, சுடச்சுட ரசம் சாதம் கிடைக்கும். சிக்கன் 65-க்குப் பதில் பெப்பர் சிக்கன் அல்லது குழம்புச் சிக்கன். மதியம் மெஸ் சாப்பாடு என்றால் கூட்டு, பொரியலை இரண்டாம் முறை கேளுங்கள். சோறு தானாக வரும், காய் கேட்டால்தான் வரும். கையில் காசு குறைவாக இருக்கும் மாதக் கடைசியில் அம்மா உணவகம் இருக்கிறது. 2013-இல் சென்னையில் தொடங்கியபோது இட்லி ஒரு ரூபாய், தயிர்சாதம் மூன்று ரூபாய் என்று விலை வைத்தார்கள்.

அறையில் ஒரு மின்கெட்டிலோ முட்டை வேகவைக்கும் கருவியோ வைத்துக்கொள்ள அனுமதி உண்டா என்று கேட்டுப் பாருங்கள். அடுப்பே இல்லாவிட்டாலும் அவலை அலசித் தயிரில் ஊறவைத்து, வெள்ளரிக்காயும் வேர்க்கடலையும் போட்டால் இரவுச் சாப்பாடு ஆகிவிடும். ஊருக்குப் போய்த் திரும்பும்போது அம்மா முறுக்கும் அதிரசமும் கட்டிக்கொடுப்பார்கள். ‘அதோட பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் கொடும்மா’ என்று கேளுங்கள்.

நான்காம் படி: போனைக் கொஞ்சம் சிரமமாக்குங்கள்

ஸ்விக்கி, சொமேட்டோ அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள். மாலை ஆறரைக்கு ‘பிரியாணி கூப்பிடுது’ என்று வரும் செய்தி தற்செயலாக வருவதில்லை. சேமித்து வைத்த கார்டை அழித்துவிடுங்கள். டெலிவரி இலவசம் என்று மாதச் சந்தா கட்டியிருந்தால் அடுத்த முறை புதுப்பிக்காதீர்கள். கட்டிய காசை ‘எடுக்க’ வேண்டும் என்பதற்காகவே நிறைய பேர் ஆர்டர் போடுகிறார்கள்.

ஐந்தாம் படி: எதை முதலில் விடுவது

‘ஒண்ணாம் தேதியிலிருந்து எல்லாத்தையும் நிறுத்திடுவேன்’ என்பது பழைய சபதம். பத்தாம் தேதிக்குள் அது என்ன ஆகும் என்பதும் தெரிந்த கதை. வரிசைப்படி விடுவதே மேல்.

முதலில் குளிர்பானம். 100 மி.லி.க்குப் பத்து கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள கோலா வகைகளே அதிகம், ஒரு சின்ன பாட்டிலிலேயே ஐந்தாறு கரண்டி சர்க்கரை போய்விடுகிறது. பிரியாணியோடு ‘காம்போ’வில் வருவதால் நாம் அதைத் தனியாக எண்ணுவதில்லை. அதற்குப் பதில் மோர், எலுமிச்சை ஜூஸ் உப்புப் போட்டு, இல்லையா வெறும் தண்ணீர். இதை விடுவதில் பசி என்ற பிரச்சினையே இல்லை, அதனால்தான் முதலில் வைக்கிறேன்.

அடுத்தது பத்து மணிக்கு மேல் போடும் ஆர்டர். மூன்றாவதாக வார நாட்களில் பொரித்தவை. வாரத்துக்கு ஐந்து முறை வெளியே சாப்பிடுகிறவர் மூன்றாக்கி, அது பழகியதும் ஒன்றாக்கலாம்.

அந்த ஒன்றை விட வேண்டாம். அதற்கு ஒரு விதி மட்டும்: கடைக்குப் போய், உட்கார்ந்து, சுடச்சுடச் சாப்பிட வேண்டும். பார்சல் கிடையாது. விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவோ மதுரைக் கறிதோசையோ, சாப்பிடுவது என்று முடிவு செய்தால் அதற்கு மரியாதை கொடுத்துச் சாப்பிடுங்கள். டப்பாவில் வியர்த்துப்போய் வந்து சேரும் பரோட்டாவை போனைப் பார்த்துக்கொண்டே விழுங்குவதில் பரோட்டாவுக்கும் கேவலம், நமக்கும் கேவலம். இந்த விதி தன்னால் எண்ணிக்கையைக் குறைக்கும், ஏனென்றால் கிளம்பிப் போக வேண்டும்.

எத்தனை நாளில் பழகும்? லண்டனில் பிலிப்பா லாலி என்பவரின் குழு 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு புதுச் செயல் தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை மாறியது. ‘21 நாளில் மாறலாம்’ என்று சொல்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள். ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்றும் அதே ஆய்வு சொன்னது. தம்பி பிறந்தநாளுக்கு கிரில் சிக்கன் சாப்பிட்டால் மறுநாள் காலை பட்டினி கிடக்க வேண்டாம்; வழக்கம்போல இட்லி சாப்பிடுங்கள். பட்டினி போட்டால் அன்று மாலையே மறுபடியும் வண்டிக்கடை முன்னால் நிற்பீர்கள்.

ஆறாம் படி: வீட்டுச் சாப்பாடு சப்பென்று இருக்கும் நாட்கள்

முதல் சில வாரங்கள் அப்படித்தான் இருக்கும். உப்புக்குப் பழகிய நாக்கு மெதுவாகத்தான் இறங்கும், ஆனால் இறங்கும். அதுவரை ருசிக்கு வேறு வழி தேடுங்கள். இரும்புச் சட்டியை நன்றாகக் காயவிட்டு, காயைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுப் பெரிய தீயில் வதக்கினால் வண்டிக்கடை வாசனை பாதி வந்துவிடும். முதல் நாள் ஃப்ரிட்ஜில் வைத்த சோறு, இரண்டு முட்டை, சோற்றின் அளவுக்குக் காய், பூண்டு, மிளகுத்தூள், கடைசியில் கொஞ்சம் எலுமிச்சை. சோயா சாஸ் ஒரு கரண்டிக்கு மேல் வேண்டாம், அதில் உப்பு ஏராளம். அதை ஊற்றினால் தனியாக உப்புப் போடாதீர்கள். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு, என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் இந்தக் கணக்கில் சேரும்.

ஏழாம் படி: தட்டைத் திருப்பி வையுங்கள்

வீட்டில் சமைத்தது என்பதாலேயே அது நல்ல சாப்பாடு ஆகிவிடாது. மலை மாதிரி வெள்ளைச் சோறு, சாம்பார், ஓரமாக உருளைக்கிழங்கு வறுவல், இரண்டு அப்பளம். இது பரோட்டாவைவிடப் பெரிய முன்னேற்றம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தானியம் 250 கிராம், காய்கறி 400 கிராம், பருப்பு வகை 85 கிராம், பால் அல்லது தயிர் 300 மி.லி., பழம் 100 கிராம், கடலை மற்றும் விதைகள் 35 கிராம், எண்ணெய் 27 கிராம் என்று வருகிறது. எல்லாம் சமைப்பதற்கு முந்தைய எடை. அரிசியைவிடக் காய் அதிகம் என்பதைக் கவனியுங்கள். நம் தட்டில் அது நேர்மாறாக இருக்கிறது.

எடை பார்க்கும் தராசு தேவையில்லை. பரிமாறும் வரிசையை மாற்றுங்கள்: முதலில் தட்டில் பாதிக்குப் பொரியலும் கூட்டும், கால்வாசிக்குப் பருப்போ முட்டையோ மீனோ சுண்டலோ, மீதி இடத்தில் சோறு. தினை, சாமை, வரகு பிடித்திருந்தால் சேர்க்கலாம். ஆனால் கம்பு பிஸ்கட், ராகி சிப்ஸ் என்று பாக்கெட்டில் வருவதைத் திருப்பிப் பாருங்கள். சேர்பொருள்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாக அச்சிட வேண்டும் என்பது விதி. முதல் இரண்டு இடத்தில் மைதாவும் சர்க்கரையும் இருந்தால் முன்பக்கத்தில் இருக்கும் கம்புக்கதிர் படத்துக்கு மதிப்பில்லை.

கூட இருப்பவர்கள்

‘மச்சான், ஒரு ஷவர்மா போட்டுட்டுப் போலாமா?’ என்பதற்கு நீண்ட விளக்கம் கொடுக்காதீர்கள். டயட் என்று சொன்னால் கிண்டல்தான் மிஞ்சும். ‘சாப்பிட்டேன்டா, ஒரு டீ மட்டும்’ என்றால் பேச்சு முடிந்தது. ஐந்தரை மணி சுண்டல் இங்கேயும் கைகொடுக்கும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் தடை போடாமல் சனிக்கிழமையை அவர்களிடமே கொடுங்கள், எந்தக் கடை என்று அவர்கள் தேர்ந்தெடுக்கட்டும். மற்ற நாட்களுக்கு வாதாடும் வேலை குறையும்.

மருத்துவரிடம் போக வேண்டிய சிலர்

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் சாப்பாட்டை ஒரேயடியாகக் குறைத்தால் ரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம், முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் கீரை, பழம், பருப்பைக் கேட்காமல் கூட்ட வேண்டாம். யாருக்கும் தெரியாமல் அளவில்லாமல் சாப்பிட்டுவிட்டு, பிறகு குற்ற உணர்ச்சியில் தவிக்கிற நிலை இருந்தால், அதற்குச் சிகிச்சை உண்டு, இந்த மாதிரிக் கட்டுரை போதாது.

மற்றவர்கள் தொடங்கும் முன் ரத்த அழுத்தம், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் ஒருமுறை பார்த்து எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்து அதே ஆய்வகத்தில் மறுபடி பாருங்கள். தினமும் எடை மெஷினில் ஏறி இறங்குவதைவிட அது எவ்வளவோ மேல்.